கஞ்சி வரிசையில் பெரிய வீட்டுப் பாத்திரம்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால் பாக்கெட்டை மோந்து பார்க்காமல் வெட்ட மாட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பேன். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனால், அவர் தெரு முனையைத் திரும்புவதற்குள் என் மனைவியிடம், "இன்னாத்துக்கு வந்திருப்பாரு?" என்று கேட்பேன். "உங்களப் பாக்கத்தான் வந்தாரு" என்பாள் அவள். "என்னப் பாக்க எதுக்கு வரணும்?" என்று நான் மேலே கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கோவளம் பஜாரில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்று, பழுது பார்த்துக் கொடுக்கும் கடை என்னுடையது. இந்தத் தொழிலில் எல்லோரையும் நம்பினால் கடையைச் சாத்த வேண்டியதுதான். பேட்டரிக்குத் தண்ணீரே ஊற்றாதவர்கள்தான் மாதம் தவறாமல் ஊற்றினேன் என்று சத்தியம் செய்வார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, பாத்திரத்தோடு வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் வேலை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால் என்று காலையிலேயே அடுப்பேற்றிவிடுவார்கள். நோன்பு வைத்தவர்களுக்கு மட்டும்தான் என்று கிடையாது. மீனவர் குப்பத்திலிருந்து வருவார்கள், மாதா கோயில் தெருவிலிருந்து வருவார்கள், பஸ் நிற்கிற இடத்து ஆட்டோக்காரர்கள் வாட்டர் பாட்டிலின் கழுத்தை அறுத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். வரிசையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பாத்திரத்தை நீட்டினால் நிரப்ப வேண்டும். யாருக்கு என்று கேட்கக் கூடாது, பாதியில் கையை நிறுத்தக் கூடாது. பாத்திரம் பெரியதா சிறியதா என்பதைக் கொண்டுவருகிறவர்தான் யோசிக்க வேண்டும். நாள் முழுக்க ஓடுகிற என் சந்தேக மூளைக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் ஓய்வு. யாரையும் எதுவும் கேட்க வேண்டாம், ஊற்றினால் போதும்.

அந்த ஓய்வையும் கெடுத்தது ஒரு பாத்திரம். சில வருஷங்களுக்கு முந்தைய நோன்பு. முதல் பிறை பார்த்து ஒரு வாரம் ஆகியிருக்கும். வரிசையில் நசுங்கிய தூக்குகளுக்கும் ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கும் நடுவில், பளபளவென்று ஒரு எவர்சில்வர் பாத்திரம் வந்து நின்றது. மூடியைச் சுற்றி ரப்பர், இரண்டு பக்கமும் கொக்கி. கல்யாணச் சமையல்காரர்கள்கூட அந்த மாதிரி வைத்திருந்து நான் பார்த்ததில்லை. அதைப் பிடித்திருந்தவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட் போட்ட டிரைவர். அவருக்குப் பின்னால், பஜாரில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றது. அந்தக் கார் யாருடையது என்று பஜாரில் எல்லோருக்கும் தெரியும். நான் ஊற்றினேன். கரண்டி போய்க்கொண்டே இருந்தது, பாத்திரம் நிறைகிற வழியைக் காணோம்.

கார் பெரிய வீட்டுடையது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்குகிற ரோட்டில் அந்த வீடு இருக்கிறது. வீடு என்று சொல்கிறேனே தவிர, வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது மதில் சுவர்தான். சொந்தக்காரர்கள் சென்னை. முதலில் சனி, ஞாயிறு மட்டும் வந்துகொண்டிருந்தார்கள், பிறகு வீட்டுக்கார அம்மாள் மட்டும் இங்கேயே தங்க ஆரம்பித்தார். நகைக்கடை என்று சிலர் சொன்னார்கள், ஆஸ்பத்திரி என்று சிலர், இரண்டுமே என்று ஒருவர். நான் எதையும் நம்பவில்லை.

அந்த வீட்டுக்குள் நான் அதற்கு முன்னால் ஒரு தடவை போயிருக்கிறேன், இன்வெர்ட்டர் வேலைக்கு. பெரிய கேட் எனக்கில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு கேட் இருக்கிறது, வேலைக்கு வருகிறவர்கள் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே இருந்த வாட்ச்மேன் என் ஆதார் கார்டைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு என் டூல்ஸ் பையிலிருந்த சாமான்களை ஒரு பிளாஸ்டிக் மேஜையில் பரப்பச் சொன்னார். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், மீட்டர், இன்சுலேஷன் டேப், எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஃபோனில் படம் எடுத்தார். வேலை முடிந்து வெளியே வரும்போது மறுபடியும் பரப்பி, படத்தையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி தீர்ந்த டேப்பைக் கையில் எடுத்து, "இது இவ்ளோ பெருசா இருந்துச்சா பாய்?" என்று கேட்டார். நான் சந்தேகக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலைக்கு வந்தவனைத் திருடனாக நிற்க வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வீட்டுப் பாத்திரம்தான் இப்போது எங்கள் வரிசையில் நின்றது. எங்கள் பக்கம் ஆதார் கார்டு கேட்பதும் இல்லை, படம் எடுப்பதும் இல்லை.

பஜாரில் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். நாய்க்கு வாங்கிப் போகிறார்கள் என்றார் பழக்கடைக்காரர். அந்த வீட்டில் கன்றுக்குட்டி உயரத்துக்கு இரண்டு நாய்கள் இருந்தது உண்மை. வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே புதினா போட்டு, இந்த ஊர்ச் சாப்பாடு என்று கொடுக்கிறார்கள் என்றார் மீன் வலை விற்கிறவர். நான் அதைவிட மோசமாக யோசித்தேன். இடம் வாங்க வருகிறவர்கள் முதலில் சாப்பாட்டில் ஒட்டிக்கொள்வார்கள், பிறகு பள்ளிவாசலுக்கு ஏதாவது கட்டித் தருகிறோம் என்பார்கள், கடைசியில் கடற்கரைக்குப் போகிற சந்தில் கேட் போடுவார்கள். இதைப் பள்ளிவாசல் செயலாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பெரிய எடத்துலேந்து நம்ம கஞ்சிக்கு ஆள் வருது. பெருமையா வச்சிக்கோயேன், பாய்."

"பெரிய எடத்துக்கு எப்பங்க பசிச்சிது?" என்றேன்.

"கரண்டி புடிக்கிறவன் கேள்வி கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி.

டிரைவரோடு பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஊர் எது என்று கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. மதுராந்தகம் பக்கத்தில் படாளம் என்றார். வீட்டில் கரும்பும் நெல்லும் போடுகிறார்கள், நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், இவர் வண்டி ஓட்ட வந்துவிட்டார். பெண் செங்கல்பட்டில் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். அந்த வீட்டிலேயே டிரைவருக்கு ஒரு ரூம் உண்டு, ஊருக்குப் போவது எப்போதாவதுதான். நல்ல மனுஷர், வரிசையில் முந்த மாட்டார், முன்னால் நிற்கிற கிழவிக்குத் தூக்கைப் பிடித்துக் கொடுப்பார். அதனாலேயே எனக்கு அவரைச் சந்தேகப்படுவது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவர் பாத்திரத்தை மூடி, கொக்கியை மாட்டி, சீட் அழுக்காகாமல் டிக்கியில் துணி விரித்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இது யார் வயிற்றுக்குப் போகிறது என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

சில நாளில் அவர் இரண்டு பாத்திரங்களோடு வந்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. இரண்டையும் நிரப்பினேன். அண்டாவைச் சாய்த்துப் பார்த்தபோது கரண்டி அடியில் உரசியது.

வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரு பெண்மணி நிற்பார். மாதா கோயில் தெரு. மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவர். கடைசி வாடிக்கையாளர் போன பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவதால் அவருக்கு எப்போதுமே கடைசி இடம்தான். புருஷன் படகில் போய்க்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, கெட்டியாக எதையும் விழுங்க முடியாது. அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார்: "வருசம் பூரா நான் கஞ்சி காச்சிதான் பாய் ஊத்துறேன். மூஞ்சத் திருப்பிக்கும். இந்த மாசம் இத்த குடுத்தாத்தான் வாயத் தெறக்குது அந்தாளு." பக்கத்துக் கோயிலில் தவக்காலம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், அவர்கள் வீட்டில் எங்கள் பிறையை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு அவருடைய தூக்கில் பாதிதான் விழுந்தது. பாதியில் கை நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் தூக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், இவ்ளோதான் கீதா?"

"இன்னிக்கு முடிஞ்சி போச்சும்மா."

"பரவால்ல. மூணு வாய் துன்னா போதும் அதுக்கு" என்று சொல்லி மூடியைப் போட்டுக்கொண்டு போனார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் அரிசியை ஒரு படி கூட்டிப் போடச் சொன்னேன். அன்றும் பற்றவில்லை. நல்ல கஞ்சி என்று பேச்சுப் பரவி வரிசையும் நீண்டிருந்தது, பெரிய வீட்டுப் பாத்திரங்களும் அசையாமல் வந்தன. அந்த அம்மாளின் தூக்கு மறுபடியும் பாதியோடு போனது. அதற்கு அடுத்த நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. டிரைவர் முதல் பாத்திரத்தை நீட்டியதும் கரண்டியை அண்டாவிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.

"யாருக்குத் தம்பி இவ்ளோ?"

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் முகம் சுருங்கியது.

"மத்தவங்களக் கேக்கறீங்களா பாய்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வூட்டுல நடக்கறத வெளிய சொன்னா எனக்கு வேல போயிடும். பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்து கீது. அத்த மட்டும் கேக்காதீங்க பாய்."

வாயை மூடிக்கொண்டு இரண்டையும் நிரப்பினேன். ஆனால் சந்தேகம் மூடிக்கொள்ளவில்லை. யாருக்கு என்று சொன்னால் வேலை போகும் என்றால், சொல்லக் கூடாத யாருக்கோ போகிறது. அன்றைக்கு மனதுக்குள் அந்த நாய்களுக்கு வெள்ளித் தட்டே வைத்துவிட்டேன். கரண்டி பிடித்த கையெல்லாம் எரிந்தது. அங்கே பக்கவாதக்காரருக்கு மூன்று வாய், இங்கே நாய்க்கு முழுப் பாத்திரம். என் மனைவியிடம் சொன்னேன். "நோன்பு வச்சிக்கினு கண்டதையும் நெனக்காதீங்க" என்றாள். "போயிப் பாத்தீங்களா?" என்றும் கேட்டாள். பார்க்கவில்லைதான்.

பார்க்கிற வாய்ப்பு தானாக வந்தது. இரண்டு நாள் கழித்துக் கஞ்சி ஊற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரிய வீட்டு மேனேஜர் ஃபோன் செய்தார். இன்வெர்ட்டர் கத்திக்கொண்டே இருக்கிறது, உடனே வர வேண்டும் என்றார். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. சட்டைப் பையில் ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு, டூல்ஸ் பையோடு கிளம்பினேன். இவ்வளவு ஆர்வமாக நான் எந்த வீட்டு இன்வெர்ட்டருக்கும் போனதில்லை.

சின்ன கேட், ஆதார் கார்டு, பிளாஸ்டிக் மேஜை, ஃபோன் படம். எல்லாம் முன்பு போலவே நடந்தது. வாட்ச்மேன் அதே ஆள்தான், ஆனால் என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்வெர்ட்டர் வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன ரூமில் இருந்தது. அங்கே போகும் வழியில்தான் பார்த்தேன்.

பின்பக்கம் நீச்சல் குளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணும் ஜல்லியுமாகக் கிடந்தது. கரை ஓரமாக வேலையாட்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒடிசாப் பக்கத்து ஆட்கள். கையில் ஆளுக்கொரு பேப்பர் கிண்ணம். நடுவில் என் கண்ணுக்கு நன்றாகப் பழகிய அந்த இரண்டு பாத்திரங்கள் திறந்திருந்தன. தேங்காய்ப்பாலும் வெந்தயமும் கலந்த வாசனை, நோன்பு வயிற்றுக்குத் தப்புமா? காலையிலிருந்து வெயிலில் மண் வெட்டியவர்கள், தலையைத் தூக்காமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாய்கள் தூரத்தில் ஏசி ரூமின் கண்ணாடிக்கு உள்ளே படுத்திருந்தன.

முதலில் எனக்கு அப்பாடா என்று இருந்தது. பசிக்கிறவர்களுக்குத்தான் போயிருக்கிறது. அடுத்த நிமிஷமே வேறு ஒன்று உறைத்தது. இவ்வளவு பெரிய வீட்டில், தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்குச் சாயங்காலம் ஒரு வாய் கொடுக்க எங்கள் பள்ளிவாசல் அண்டாதான் கிடைத்ததா? ஓரமாக இருந்த ஒருவர் என்னைப் பார்த்து, கிண்ணத்தைக் காட்டிச் சிரித்தார். "மேடம் டெய்லி கஞ்சி. ரொம்ப நல்ல மேடம்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். நான் கடையில் கற்ற கொஞ்சூண்டு இந்தியில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "ரூம் அந்தப் பக்கம்" என்றார்.

பேட்டரி டெர்மினலில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது, வேறொன்றும் இல்லை. சுத்தம் செய்துகொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாளே வந்தார். நான் மனதில் வைத்திருந்த ஆளே இல்லை அவர். சாதாரணப் பருத்திப் புடவை, காலில் செருப்பில்லை, குரல் மெத்தென்று இருந்தது. என்னை "நீங்க" என்றார், வெயிலில் வரச் சொன்னதற்கு மன்னிப்பு மாதிரி ஒன்று சொன்னார். எனக்கு மெத்தென்று பேசுகிறவர்களிடம்தான் பயம் அதிகம்.

"வேலை முடிஞ்சதும் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்றார். "இங்க வேலை செய்யறவங்க எல்லாருக்கும் சாயங்காலம் நான் குடுக்கறதுதான். வெறும் வயித்தோட யாரும் நம்ம வீட்டைவிட்டுப் போகக் கூடாது எனக்கு."

அந்தக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊற்றியவன் நான். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை, அந்த வரிசைக்கு அவர் வந்ததே இல்லையே. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கேட்டிருப்பேன். ஆனால் கேட்டால் வெளியே சொன்னது யார் என்று வரும், படாளத்துக்காரர் வேலை போகும்.

"நோன்பும்மா" என்றேன்.

"அச்சச்சோ, ஸாரி. அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி, சமையல்காரரைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நிறைத்துக் கொடுக்கச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கொடுப்பதை வாங்க மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மேலும், மாதா கோயில் தெருவுக்கு இன்றைக்குச் சேர வேண்டிய மீதிப் பாதி இதுதானே என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. டப்பாவைப் பையில் வைத்தேன். வேலையை முடித்துக்கொண்டு சின்ன கேட்டுக்கு வந்தேன்.

வாட்ச்மேன் சாமான்களைப் பரப்பச் சொன்னார். ஸ்பேனர், பிளேயர், மீட்டர், டேப், கடைசியாக டப்பா. அவர் ஃபோனைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மறுபடியும் ஃபோனைப் பார்த்தார்.

"பாய், படத்துல இது இல்லையே."

"உள்ள அம்மா குடுத்தாங்க. கஞ்சி."

"அது சரி பாய். உள்ளேந்து எது வந்தாலும் நான் கேக்கணும். எனக்கு ரூல்ஸு." மேனேஜருக்கு ஃபோன் போட்டார். எடுக்கவில்லை. உள்ளே வேறு யாருக்கோ போட்டார். அம்மாள் கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டாராம், வந்ததும் கேட்டுச் சொல்வார்களாம். "செத்த இருங்க பாய்" என்று ஸ்டூலைக் காட்டினார்.

"வேணாம், இத்த நீயே வச்சிக்க, நான் போறேன்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போனால் அது திருடிய பொருள் என்று ஆகிவிடும். மாட்டிக்கொண்டதும் போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று நாளைக்குப் பேசுவார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்திருக்கும்போதே பாங்கு சொன்னார்கள். எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அந்த மதிலைத் தாண்டித் தெளிவாகக் கேட்கும். நோன்பு திறக்கிற நேரம். அந்நேரம் ஊரில் எல்லா வீட்டிலும் எங்கள் கஞ்சி கிண்ணத்தில் இருக்கும். எனக்கும் அது முன்னால்தான் இருந்தது, மேஜையில், ஸ்பேனருக்கும் மீட்டருக்கும் நடுவில். கேட்காமல் மூடியைத் திறக்க முடியாது. சட்டைப் பையிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாட்ச்மேன் தன்னுடைய தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது எனக்கு அவமானத்தில் கண் கலங்கியது. நல்ல வேளை, இருட்டிக்கொண்டு வந்தது.

ஒருவழியாக ஃபோன் வந்தது. "ம்... சரிம்மா... ஒரு டப்பாதான்... சரிங்கம்மா" என்று பேசிவிட்டு வாட்ச்மேன் டப்பாவை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். எங்கள் பள்ளிவாசல் கஞ்சியை நான் திருடவில்லை என்று பெரிய வீட்டிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. நேராக மாதா கோயில் தெருவுக்குப் போய் அந்த டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கிருந்து என்று மீன்காரம்மாவும் கேட்கவில்லை.

மறுநாள் டிரைவர் வந்தபோது நான் முடிவோடு இருந்தேன். பாத்திரத்தை நீட்டினால் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

"தம்பி, எனக்காக ஒண்ணு பண்ணு. இனிமே கடைசில வந்து நில்லு, அந்த மீன்காரம்மாவுக்குப் பின்னால."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. முந்தின நாள் கேட்டில் நான் உட்கார்ந்திருந்ததை ரூம் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டு பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். வெயிலில் வெள்ளை உடுப்போடு, மீன் வாடைக்குப் பின்னால் நின்றார். அந்த அம்மாளின் தூக்கு அன்றைக்கு விளிம்பு வரை நிறைந்தது. "இன்னா பாய், இன்னிக்கு வஞ்சன இல்லாம ஊத்திட்ட" என்று சிரித்துக்கொண்டே போனார்.

டிரைவர் முறை வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு பாத்திரம் நிறைந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நேத்து பாத்துட்டேன் தம்பி. கொளம் வெட்றவங்க நல்லா சாப்டட்டும், அவுங்களுக்கு இல்லன்னு நான் சொல்லல. ஆனா உங்க மேடம் குடுக்கறதா நெனச்சிகினு கீறாங்க. இது பள்ளிவாசல் கஞ்சின்னு அவுங்களுக்கு ஒரு வார்த்த சொல்லு. உன் பேரு வெளிய வராம சொல்லு. அது போதும் எனக்கு."

டிரைவர் நிறைந்த பாத்திரத்தின் கொக்கியை மாட்டினார்.

"மேடம் ஏமாத்தணும்னு பண்ணல பாய். மசூதில மீந்து வீணாப் போவுதாம், வீணாவாம வாங்கிகினு வான்னுதான் அனுப்பனாங்க. மிஞ்சுதா இல்லயான்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அது கெடக்கட்டும். அந்த வேல செய்யற ஆளுங்ககிட்ட சொல்லு."

"மொத நாளே சொன்னேன் பாய். மசூதிலேந்து வருதுன்னு. ஒருத்தரும் தொடல. கிண்ணத்தக் கீழ வச்சிட்டாங்க."

"ஏன், நம்ம ஆளுங்க செஞ்சதுன்னா?"

"அது இல்ல. மசூதில எங்களுக்கு எதுக்கு சும்மா குடுக்கறாங்க, பதிலுக்கு இன்னா கேப்பாங்கன்னு பயந்துட்டாங்க. நம்மளாட்டம் இருக்கறவங்க சும்மா ஒண்ணு குடுத்தா அவங்களுக்கு சந்தேகம் வருது பாய். அப்பறம் மேனேஜர் வந்து, மேடம் குடுக்கறாங்கன்னு சொன்னாரு. ஒடனே எடுத்துக் குடிச்சாங்க."

நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் தெரு முனை திரும்புவதற்குள் நான் கேட்கிற அதே கேள்வி. ஊர் பேர் தெரியாத அந்த ஆட்கள் என்னைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். அந்த மதிலுக்குள் இருக்கிறவரைப் பார்த்து அவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"பாய், இன்னொரு பாத்திரம் கீது" என்றார் டிரைவர்.

நான் அண்டாவைச் சாய்த்துப் பிடித்து, அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்து அதில் ஊற்றினேன்.